எலுமிச்சம்பழத்தின் மேல் தானாக ஏறிய கார்

அந்தக் காரை நான் முதன்முதலில் பார்த்தபோது அதன் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை செருகியிருந்தது. காரின் நிறம்கூட எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கரும்பச்சை என்கிறாள் என் மனைவி. எனக்கென்னவோ கறுப்பாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கட்டை அப்படியே கண்ணில் நிற்கிறது. ஒரு முழ நீளம். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்து, எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன கட்டை.

வேறு யாராக இருந்தாலும் இது எதற்கு என்று கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. காரணம், நான் ரயில்வேக்காரன். கோலாலம்பூர் சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின் ஜன்னலைத் திறந்தால் ஷண்டிங் யார்டுதான் தெரியும். அங்கே நிற்கும் ஒவ்வொரு வேகனுக்கும் பிரேக் கம்பியை இறக்கிவிட்டு, அதற்கு மேல் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையும் வைக்கவேண்டும் என்பது விதி. பிரேக் இருக்கிறதே என்று கட்டை வைக்காமல் விட்டு, வேகன் உருண்டு, அதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து வந்த கடிதங்களுக்கு நானே எத்தனையோ பதில் எழுதியிருக்கிறேன். அதனால் கட்டையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த ஆள் கவனமானவர்.

விற்றவர் ஒரு டிரைவர். தோட்டத்துத் துரை ஒருவருக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் பலர் கப்பலேறிய காலம் அது.

“துரை கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டே குடுத்துட்டுப் போனாருங்க ஐயா. பெத்த புள்ள மாதிரி வெச்சிருந்தாரு” என்றார்.

“பிரேக் எப்படி?” என்று கேட்டேன். கார்களைப் பற்றி எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வி.

“மிதிச்சா நிக்கும். நிக்காத வண்டிய நான் ஏங்க ஓட்டுறேன்? எனக்கும் வீட்டுல ரெண்டு உசுரு இருக்கு.”

ஏறி உட்கார வைத்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நின்றது. விலை, நான் கையில் வைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தது. அதுவே என்னை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கட்டையை எடுத்துப் பின் இருக்கைக்குக் கீழே போட்டார்.

“இதையும் வெச்சுக்குங்க ஐயா. இதுக்குத் தனியா காசு வேணாம்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் எதற்கு என்பதைச் சொல்லவேண்டும். எங்களுக்கு ஒரே மகள். மாப்பிள்ளை கிள்ளானிலிருந்து உள்ளே ஐந்து மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கெழுதுகிறவர். அதற்கு முந்தின வருஷம் அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, வழக்கப்படி பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு செய்தோம். எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ரயில் பாஸ் மட்டும் வாங்கி அனுப்பி, இன்ன தேதியில் காலை ரயிலைப் பிடித்து வரவும் என்று மாப்பிள்ளைக்கு எழுதினேன். அன்று விடியற்காலை நல்ல மழை. தோட்டத்திலிருந்து கிள்ளான் ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில்தான் வரவேண்டும். செம்மண் பாதையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி வண்டி குலுங்கியிருக்கிறது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ரயிலில் உட்கார்ந்தபிறகுதான் வலி என்றாளாம். எங்கள் வீட்டில் வந்து இறங்கி மூன்று மணி நேரத்தில் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை.

மழை பெய்தால் வேறொரு நாள் வரலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பாஸில் தேதி போட்டிருந்ததால் எழுதவில்லை. என் மகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மனைவியும் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் சிரிப்பது நின்றுபோனது.

மறுபடியும் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கடிதம் வந்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த முறை மாட்டுவண்டி கிடையாது. அவளைத் தோட்டத்து வீட்டு வாசலில் ஏற்றி, எங்கள் வாசலில் இறக்குவேன்.

“ஆபீசுல ஆளக் கொறைக்கிறாங்க, ஆளக் கொறைக்கிறாங்கன்னு தூங்காம பொரள்றீங்க. இந்த நேரத்துல காரா?” என்றாள் மனைவி. “வேணும்னா ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்களேன்.”

“வாடகைக் காருக்காரன் எப்படிப் பறக்கிறான்னு நீ பாத்ததில்ல? யாரோ ஒருத்தன் கையில என் பொண்ண நான் குடுக்கமாட்டேன்.”

“உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“கத்துக்குவேன்.”

“நாப்பத்தெட்டு வயசுல” என்றாள்.

அந்த டிரைவரே நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து கற்றுக்கொடுத்தார். எங்கள் பக்கத்துச் சமதரைச் சாலைகளில்தான் ஓட்டினோம். மேட்டுப் பக்கம் போகலாமா என்று ஒருநாள் கேட்டேன். “மொதல்ல கை பழகட்டும் ஐயா, மேடு எங்க ஓடிப் போயிடப் போவுது?” என்றார். அதுவும் எனக்குக் கவனமான ஆளின் பேச்சாகவே பட்டது. நான்காவது ஞாயிறுக்குப் பிறகு அவர் வரவில்லை. உரிமமும் வாங்கிவிட்டேன்.

மகளை அழைத்துவரும் முன் காருக்குப் பூஜை போடவேண்டும் என்று மனைவி சொன்னாள். எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை காலை ஏற்பாடாயிற்று. கோயிலுக்கு முன்னால் தெரு லேசாகச் சரிந்து இறங்கி, வாசலுக்கு நேரே மறுபடி ஒரு சாண் உயரும். சரிவின் மேல் காரை நிறுத்தி, கைப்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்துவிட்டேன். இழுத்ததை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். இறங்கி வழக்கம்போல் கட்டையையும் வைத்தேன்.

பூசாரி நான்கு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். “கட்டைய எடுத்துடுங்க ஐயா. அந்த எடத்துல பழம் வரணும்” என்றார்.

எடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்தார். பூசணிக்காயைச் சுற்றினார்கள். சூடம் காட்டினார்கள். தேங்காய் உடைந்தது. அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து இருபது பேராவது நின்றிருப்பார்கள். “ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க ஐயா, பழத்து மேல ஏத்துங்க” என்றார் பூசாரி. நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் திரும்பினேன்.

கார் தானாக நகர்ந்தது.

எஞ்சின் ஓடவில்லை. யாரும் தொடவில்லை. நான்கு பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. ஒன்றரை அடி போய், தெரு உயரும் இடத்தில் மெதுவாக நின்றது.

பூசாரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். “பாத்தீங்களா! ஆத்தாளே ஏத்துக்கிட்டா! மனுஷன் கை வேணாம்னு அவளே நடத்திட்டா!” பெண்கள் குலவையிட்டார்கள். கிழவர் ஒருவர் பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண் நிறைய நீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு சிரித்தாள்.

கடைசிப் பல் வரை பிரேக் இழுத்திருந்த வண்டி, லேசான சரிவில், தானாக உருண்டிருக்கிறது. இதே விஷயம் யார்டில் நடந்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? ‘பிரேக் பிடிக்கவில்லை, வேகனை உடனே பயன்பாட்டிலிருந்து விலக்கவும்.’ வாக்கியம்கூட மனதில் வந்தது. ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். நானும் கைகூப்பினேன். சிரித்தேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் தோட்டத்துக்குக் கிளம்பினோம். போகும் வழியில் பெரிய தொல்லை இல்லை. பத்து தீகா என்ற ஊர்ப் பக்கம் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் நிறுத்தவேண்டி வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஒரு முறை மிதித்து நிற்கவில்லை. இரண்டு, மூன்று முறை மிதித்த பிறகு மாட்டுவண்டியின் வைக்கோல் பானட்டைத் தொடும் தூரத்தில் நின்றது. “என்னங்க?” என்றாள் மனைவி. “செருப்பு வழுக்குது” என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன்.

தோட்டத்தில் வளைகாப்பு முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல்களோடு மகள் பின் இருக்கையில் மெல்ல ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் மனைவி. என் பக்கத்து இருக்கையில் ஒரு டிரங்குப் பெட்டி, பலகாரத் தூக்குகள், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அரிசி மூட்டை. வேலை இருந்ததால் மாப்பிள்ளை வரவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, “மெதுவா போங்க மாமா” என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தார்ச்சாலை வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டேன். காரின் ஒவ்வொரு அசைவுக்கும் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். வளையல் அதிகம் குலுங்கினால் வேகத்தைக் குறைத்தேன்.

“அப்பா, என்னையே திரும்பித் திரும்பிப் பாக்காதீங்க. ரோட்டப் பாருங்க” என்றாள் மகள்.

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“பின்னால வந்த சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போயிட்டான், அப்பா.”

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் சாலை ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கத் தொடங்கியது.

கீழே ரயில் கேட். வெள்ளைக் கேட் சாலைக்குக் குறுக்கே சாத்தியிருந்தது. நடுவில் சிவப்பு வட்டம். எனக்கு மணி பார்க்க வேண்டியதில்லை. கோலாலம்பூரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பயணிகள் ரயில். பாதை வளைந்து வரும் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் புகை தெரிந்தது.

பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரை போயிற்று. மறுபடி மிதித்தேன். மறுபடியும். கைப்பிரேக்கை இழுத்தேன், கோயில் வாசலில் இழுத்ததுபோலவே கடைசிப் பல் வரை வந்தது, கார் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. கியரைக் குறைத்தால் வண்டி அடங்கும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். குறைக்கப் பார்த்தேன். பற்கள் கரகரவென்று அரைத்து, கியர் எதிலும் விழாமல் நடுவில் நின்றுவிட்டது. எஞ்சினின் பிடிப்பும் போய்விட்டது. இப்போது அது கார் இல்லை. சரிவில் அவிழ்த்துவிட்ட வேகன்.

“என்னங்க, கேட்டு சாத்தியிருக்கு” என்றாள் மனைவி. பிறகு, “என்னங்க!”

நான் ஹாரனை அழுத்தினேன். கீழே கேட்காரர் கையை ஆட்டுவது தெரிந்தது. அவர் கேட்டைத் திறக்கமாட்டார். ரயில் வந்துவிட்ட பிறகு திறக்கக்கூடாது என்பது விதி. திறந்தாலும் அது எங்களைக் காப்பாற்றாது, ரயிலுக்கு முன்னால் கொண்டுபோய் விடும்.

இடது பக்கம் ஆழமான கால்வாய். வலது பக்கம், ரோடு போடுகிறவர்கள் கொட்டி வைத்த கருங்கல் ஜல்லி வரிசையாகக் குவிந்திருந்தது. “அவளப் புடிச்சுக்க!” என்று கத்திவிட்டு ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். முதல் குவியலில் சக்கரம் உரசிக் கல் தெறித்தது. இரண்டாவது குவியலின் மேல் கார் ஏறியது. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, கல்லை அரைத்துக்கொண்டு ஏறி, நின்றது.

நின்றதும் எஞ்சின் அணைந்தது. ஒரே அமைதி. வளையல் சத்தம் இல்லை.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் பின்னால் சறுக்கத் தொடங்கியது. குவியலின் கல் அடியில் நழுவ, ஓர் அங்குலம், இன்னோர் அங்குலம். பின்பக்கம் சாலை நோக்கித் திரும்பியிருந்தது. கீழே இறங்கிவிட்டால் மறுபடி அதே சரிவு, அதே கேட், இந்த முறை பின்புறமாக. நான் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். அது ஒன்றும் செய்யாது என்று தெரிந்தும் காலை எடுக்க முடியவில்லை.

பின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி குதித்தாள். புடவையை இடுப்பில் அள்ளிச் செருகிக்கொண்டு, இருக்கைக்குக் கீழிருந்து அந்தக் கட்டையை இழுத்தாள். மெலிந்த பக்கம் சக்கரத்தைப் பார்த்திருக்கும்படி வைத்து, வெறுங்காலால் எட்டி உதைத்தாள். கட்டை இறுகிப் பிடித்தது. கார் ஒருமுறை முனகிவிட்டு நின்றது.

இருபது வருஷம் எங்கள் பின் ஜன்னலில் நின்று யார்டைப் பார்த்துக்கொண்டே காய் நறுக்கியவள் அவள். எந்தப் பக்கம் சக்கரத்தைப் பார்க்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ரயில் கடந்து போயிற்று. ஜன்னல்களில் முகங்கள். ஒருவர் கை காட்டினார்.

மகள் இருக்கையின் மூலையில் ஒடுங்கி, வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளையல்களில் பாதி நொறுங்கி மடியில் கிடந்தன. மணிக்கட்டில் ரத்தம்.

“வலிக்குதாம்மா?”

தலையை ஆட்டினாள். இல்லை என்றா, ஆமாம் என்றா, தெரியவில்லை.

கேட்காரர் கையில் கொடியோடு மேலே ஓடிவந்தார். “ஏய்யா, கேட்டு சாத்தியிருக்கிறது கண்ணுக்குத் தெரியல? இத்தன வருஷத்துல மாடு வந்து முட்டியிருக்கு, ஆடு வந்து முட்டியிருக்கு, தொப்பி போட்ட மாடு ஒண்ணு இன்னிக்குத்தான்...” என்று ஆரம்பித்தவர், மகளைப் பார்த்ததும் நிறுத்தினார். திரும்பித் தன் குடிசைப் பக்கம் பார்த்துக் கத்தினார். “இந்தா, பாயப் போடு! மாசமா இருக்குற புள்ள!”

நாங்கள் மூவருமாகத் தாங்கி அவளைக் கேட்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். ஒரே அறை. கேட்காரரின் மனைவி எதுவும் கேட்கவில்லை. மகளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பானைத் தண்ணீரில் சீனி கரைத்து மெல்லக் குடிக்கவைத்தார். பிறகு வயிற்றின் மேல் கை வைத்தார்.

“புள்ள எப்ப அசஞ்சிச்சு, தாயி?”

“ஏறும்போது அசஞ்சிச்சு. வழியில ஒரு தடவ” என்றாள் மகள். “அதுக்கப்புறம் தெரியல.”

“பயந்து போயிருக்கும். செத்த நேரம் பாப்போம். ஆம்பளைங்க வெளிய போங்க.”

வெளியே போனேன். கேட்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். காத்திருந்த மாட்டுவண்டி ஒன்றும் லோரி ஒன்றும் போயின. போகும்போது எல்லாரும் ஜல்லிக் குவியலின் மேல் நின்ற காரைத் திரும்பிப் பார்த்தார்கள். தண்டவாளத்தின் ஓரம் குந்தி உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சிறிது நேரம் கழித்து மனைவி கை கழுவ வெளியே வந்தாள். கட்டையின் எண்ணெய் அவள் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. தொட்டியடியில் நின்று மண்ணைப் போட்டுத் தேய்த்தாள்.

“அசைஞ்சுதா?”

“இல்ல.” தேய்த்துக்கொண்டே இருந்தாள். “ஆத்தா கைவிடமாட்டா. அவளே ஏத்துக்கிட்ட வண்டி. அவதான் அந்தக் கல்லு மேல ஏத்தி நிறுத்துனா.”

அதற்கு மேல் என்னால் தாங்கமுடியவில்லை.

“அன்னிக்குக் கோயில்ல நான் கைப்பிரேக்கப் போட்டுட்டுத்தான் எறங்குனேன்” என்றேன். “கடைசி வரைக்கும் இழுத்து வெச்சிருந்தேன். ஆத்தா நகத்தல. பிரேக் புடிக்கல. எனக்கு அப்பவே தெரியும்.”

அவள் கை நின்றது.

“நீங்க இழுத்தத நானும் பாத்தேன்” என்றாள். “பாத்ததுனாலதான் நம்புனேன். கட்டி வெச்ச வண்டி நகருதே, அது அவ செயலில்லாம வேற என்னன்னு நெனச்சேன். எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? உங்களுக்குத் தெரியுமே. சந்தேகமா இருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்தேன்.”

தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு கையில் ஊற்றினாள்.

“நீங்க சிரிச்சீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நேரம் பார்ப்பதே தொழிலான நான் அன்று கடிகாரத்தை எடுக்கவில்லை. முந்தின வருஷம் தேதி போட்டு அனுப்பிய பாஸ் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அந்தக் குழந்தையை எடுத்துப்போன துணி நினைவுக்கு வந்தது. கேட்காரர் பக்கத்தில் வந்து குந்தி, ஒரு சுருட்டை நீட்டினார். நான் புகைப்பதில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

“நீங்களும் ரயிலுவேன்னு வீட்டம்மா சொன்னாங்க ஐயா. ரயிலுவேக்காரனுக்கு ரோட்டு வண்டி ஆவாது” என்றார். “அங்க தண்டவாளம் இருக்கு, அது பாத்துக்கும். இங்க எல்லாத்தையும் நாமளே பாக்கணும்.”

அப்போது உள்ளேயிருந்து கேட்காரரின் மனைவி கூப்பிட்டார். “யாருப்பா அது தகப்பன்? உள்ள வாங்க.”

நிலைப்படியில் நின்றேன். மகள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். முகம் நனைந்திருந்தது.

“உதைக்குதுப்பா” என்றாள். “ரொம்பக் கோவமா உதைக்குது.”

மனைவி சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்காரரின் மனைவி மட்டும் எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்து, பாயில் கிடந்த வளையல் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தார்.

அடுத்த ரயிலில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். ஸ்டேஷன் வரை மகளைக் கேட்காரர் வீட்டு நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிவந்தார்கள். நாற்காலியின் முன்பக்க இடது காலைப் பிடித்தது நான். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். அந்த மாதம் முழுவதும் தினம் காலை ஆபீசுக்குப் போகுமுன் மகளிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். “அசஞ்சிச்சு அப்பா, போய்ட்டு வாங்க” என்பாள். அதைக் கேட்காமல் செருப்பு மாட்டமாட்டேன்.

காரை மாடு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டேன். பின்சக்கரத்தைக் கழற்றிய சீன மெக்கானிக் உள்ளேயிருந்து எதையோ உருவி என் கையில் வைத்தார். பிரேக்குக்கு உள்ளே இருக்கவேண்டிய பட்டை இல்லை. அதற்குப் பதில், ஏதோ மில் எந்திரத்தின் பழைய தோல் பெல்ட்டை வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். எண்ணெய் கசிந்து, தோல் ஊறிக் கொழகொழவென்று இருந்தது.

“இனி சுடா லாமா, துவான்” என்றார் அவர் மலாயில். இது நேற்று இன்று செய்த வேலை இல்லை என்று அர்த்தம்.

டிரைவரைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. செந்தூலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். தோல் துண்டை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பார்த்தார். சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

“கட்டையக் குடுத்தேனே ஐயா” என்றார். “எதுக்குக் குடுக்குறேன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கவே இல்லயே.”

அடிக்கக் கை ஓங்கவில்லை. கத்தவும் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் என்னைத் திருப்பி அனுப்பியது. மீதிப் பாதிக்கு அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கோயில் பக்கம் கதை வேறு மாதிரி வளர்ந்திருந்தது. ரயிலுக்கு முன்னால் போன காரை ஆத்தாள் கையால் தடுத்துத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள் என்று பேசிக்கொண்டார்கள். பூஜை அன்று பானட்டைத் தொட்டுக் கும்பிட்ட கிழவரின் மகன் வந்து, அந்த வண்டியைத் தனக்கே கொடுக்கவேண்டும், என்ன விலை என்றாலும் சரி என்றான். கைப்பிரேக் விஷயத்தைச் சொன்னேன். தோல் துண்டைக் காட்டினேன். “அதெல்லாம் மாத்திக்கலாம் மாமா, ராசியான வண்டி” என்றான். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அன்றே பட்டறைக்குப் போய், காரைப் பிரித்துப் பழைய சாமானாகப் போட்டுக்கொள்ளும்படி மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு வந்தேன். பிரிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன்.

சொன்ன நாளுக்கு நான்கு நாள் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்ட பிறகும், எனக்குக் கேட்டது சரிதானா என்று மருத்துவச்சியிடம் மூன்று தடவை கேட்டேனாம். மனைவி இதை வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் கோயில் வாசலில் சிரித்ததைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் மறுபடி பேசியதில்லை.

ஐந்தாம் மாதம் மகளையும் பேத்தியையும் தோட்டத்தில் விட்டுவர ரயிலில் போனோம். இந்த முறை தேதியைக் காலியாக விடும்படி கேட்டு வாங்கிய பாஸ். வெயில் நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். கிள்ளான் ஸ்டேஷனில் மாப்பிள்ளை நல்ல வாடகைக் கார் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

அந்தக் கேட்டை ரயில் நெருங்கும்போது மகள் குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கேட்காரர் பச்சைக்கொடியோடு நின்றார். அவர் மனைவி குடிசை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மகள் கை ஆட்டினாள். யாரென்று தெரியாமலே அவரும் ஆட்டினார். ஜல்லிக் குவியல்கள் இல்லை. சாலை போட்டு முடித்திருந்தார்கள்.

மூடிய கேட்டுக்கு அந்தப் பக்கம், சரிவில், ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு குடும்பம். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக் கை ஆட்டினார்கள். மனைவியும் மகளும் பதிலுக்குக் கை ஆட்டினார்கள். நான் எழுந்து, கம்பியில் நெற்றி இடிக்கக் குனிந்து, அந்தக் காரின் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ரயில் வளைவில் திரும்பி அந்தக் கார் மறைகிறவரை, அது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.